கதையோடு வந்த கிராபிக்ஸ் கார்டு

போன வருஷம், மழை விட்டு வெயில் மெல்லத் தலைகாட்ட ஆரம்பித்த நேரம். கொச்சி மட்டாஞ்சேரியில் என் மகளுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கக் கிளம்பினேன். கம்ப்யூட்டர் சேர்ந்தது. என் மானம் மட்டும் பக்கத்து ஊரான தோப்பும்படியில் இறங்கிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே மனக்கசப்பு. அது என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. பிழைக்க வந்த இடத்தில், ஜூ டவுன் என்கிற பழைய யூதத் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'பாலிஷ்' என்று சொல்லிவிடுவேன். உண்மையில், போன மாதம் தச்சன் செய்து கொடுத்த பெட்டியை இருநூறு வயதுக் கிழவியாக்குவதுதான் என் வேலை. கொஞ்சம் சாயாத் தண்ணீர், கொஞ்சம் கரி, சங்கிலியால் நாலு சாத்து, மூலையில் ஒரு பிடி மண். அப்புறம் முதலாளி இக்கா அதற்கு ஒரு கதை போடுவார். பெரிய வீடாம், கடைசி வாரிசு ஆஸ்திரேலியா போய்விட்டாராம், மனசில்லாமல் விற்றாராம். அந்தக் கதையைக் கேட்டால் பெட்டிக்கே அழுகை வரும்.

ஒரு தடவை நாங்களே செய்த பெட்டி ஒன்று கைமாறிக் கைமாறி, வேறொரு வியாபாரியின் தலையில் ஏறி, எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தது. இக்கா தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நிஜப் பழசு என்று நம்பி நல்ல விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டார். அதைத் துடைக்கும்போது என் சங்கிலி அடி எனக்கே அடையாளம் தெரிந்தது. நான் சொன்னதும் இக்கா பெட்டியை மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, "நம்ம சாதனத்தை நம்மளே வாங்கினா பின்ன கடை எதுக்குடா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு சட்டம். வெளியே போகும் எல்லாச் சாமானிலும், யார் கண்ணும் போகாத இடத்தில், அரக்குப் பாலிஷால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைக்கும் உத்தியோகம் எனக்கு. மனைவியின் காலி நகப்பாலிஷ் பாட்டிலில் அரக்கை ஊற்றி எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். மூடியிலேயே பிரஷ் இருப்பது பெரிய வசதி.

நாள் முழுக்க இப்படிப் பொய்யைத் தேய்த்துக்கொண்டிருப்பவனுக்கு ராத்திரி சோற்றில் கிடக்கும் கருவேப்பிலை மேலும் சந்தேகம் வரும். எனக்கு வந்தது.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைவிட மலையாளம்தான் அவளுக்கு வேகமாக எழுத வரும். அதைவிட வேகமாகத் துப்பாக்கி வரும். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். பெண்பிள்ளைகள் மட்டும் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள், ஆலுவாவில் இருக்கும் ஒரு பெண் கேப்டன். இவள் இதுவரை ஒரு தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்தாள். தோழி பெங்களூருக்குப் படிக்கப் போனாள், கம்ப்யூட்டரும் கூடவே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் போட்டி. அதற்குள் சொந்தமாக மெஷின் இல்லையென்றால், காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு இடம் போய்விடும் என்று கேப்டன் சொல்லிவிட்டாள்.

பெண்களுக்கு டீமா? எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. "எனக்குக் கேக்கணும், போன்ல ஸ்பீக்கரைப் போடு" என்றேன். போட்டாள். நாலு பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "எடீ, பின்னாடி நிக்கறான், கொல்லுடீ அவனை!" என்று ஒருத்தி அலறினாள். சரி, குடும்பத்துக்கு ஏற்ற விளையாட்டுதான் என்று ஒத்துக்கொண்டேன்.

எர்ணாகுளத்தில் ஒரு கடைக்குப் போனோம். விற்கும் பையன் எதைக் காட்டினாலும் "இதில் லைட் எரியும்" என்றே ஆரம்பித்தான். மெமரியில் லைட், ஃபேனில் லைட், பெட்டியில் லைட். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். மகள் அசையவில்லை. "லைட் வேண்டாம் சேட்டா. அந்தக் காசுக்கு மெமரி கூட்டிக்கறேன்" என்றாள். பிராசஸர் போன வருஷத்து மாடல் போதும் என்றாள். அதிலும், படத்தைத் திரைக்கு அனுப்பும் வசதி இல்லாத ரகம்தான் விலை குறைவு, எப்படியும் கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறோம், அதனால் அதுவே போதும் என்றாள். ஆனால் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கக் கூடாது, அது போனால் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தகப்பன் என்று ஒரு மரியாதை இருக்கிறதே. பவர் சப்ளையைக் கையில் தூக்கி எடை பார்த்து, காதோரம் வைத்து ஆட்டினேன்.

"அண்ணாச்சி, அது தேங்கா அல்ல" என்றான் பையன்.

மிச்சம் எல்லாம் வாங்கியாயிற்று. கிராபிக்ஸ் கார்டுதான் இடித்தது. அதுதான் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் சாமானாம். புதுசு வாங்கினால் அது ஒன்றின் விலையே மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை. மகள் போனில் தேடித் தோப்பும்படியில் ஒரு சேச்சி பழைய கார்டு விற்பதைக் கண்டுபிடித்தாள். விலையைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. அவ்வளவு குறைவு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனோம். ஹார்பர் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பாதியில் சேச்சியின் வீட்டுக்காரர் படகு எஞ்சின் பிரித்துக்கொண்டிருந்தார். மறு பாதியில் சேச்சி, நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, சால்டரிங் வைத்துக் கம்ப்யூட்டர் போர்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் டீசல் நாற்றம், மறு பக்கம் ஈயப் புகை.

"யாரோட கார்டு சேச்சி இது?" என்றேன்.

"ஒரு பையன்டெ. படிக்க கானடா போயி. மூணு வருஷம் ஓட்டிட்டு, போகும்போ வித்துட்டுப் போனான்."

அவ்வளவுதான். எங்கள் கடையில் ஆஸ்திரேலியா, இங்கே கானடா! கதையோடு வரும் சாமானை நான் பார்க்காததா? கார்டை வாங்கித் திருப்பினேன். பளபளவென்று இருந்தது. நிஜமான பழசில் அழுக்கு எங்கே உட்காரும், கை எட்டாத இடுக்கில் எப்படிப் படியும் என்று எனக்கு அத்துப்படி. இதில் இடுக்கிலும் அழுக்கில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, மத்தி மீனா வாங்க வந்நது? மணத்துப் பாக்கறது?"

"மூணு வருஷம் ஓடினதுங்கறீங்க. ஒரு தூசியக் காணமே?"

"தொடச்சு விக்கறது குத்தமா? அழுக்கோட வேணும்னா சொல்லு. அங்க எங்க ஆளுகிட்ட கிரீஸ் இருக்கு, தேச்சுத் தராம்."

எஞ்சின் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மகள் தரையைப் பார்த்தாள்.

சேச்சி கார்டைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி விளையாட்டை ஓடவிட்டார். அருமையாக ஓடியது. மகள் முகத்தில் அந்த வெளிச்சம் அடித்ததைப் பார்க்க வேண்டுமே! நான் அதைப் பார்க்கவில்லை. வேறு ஏதாவது கம்ப்யூட்டரை ஒளித்து வைத்து அதிலிருந்து படம் காட்டுகிறார்களோ என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"வீட்டில இட்டு நோக்கு. ஒரு வாரத்துக்குள்ள எந்து ப்ராப்ளம் வந்தாலும் கொண்டு வா. காசு திருப்பித் தராம்" என்றார் சேச்சி.

இதைக் கேட்டு ஒரு நல்ல மனிதன் நன்றி சொல்லியிருப்பான். நான் பஸ்ஸில் யோசித்தேன். விற்ற சாமானைத் திருப்பி எடுப்பதாக யாராவது சும்மா சொல்வார்களா? நாளைக்குக் கொண்டுபோனால் 'இது நான் தந்த கார்டே இல்ல' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால்? அதுக்குத்தான் இவ்வளவு தைரியம்! என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

வீட்டில் மகள் பேப்பர் விரித்துச் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் கார்டோடு அடுக்களைக்குள் ஒதுங்கினேன். பொட்டு வைக்கத் தோதான இடம் வேண்டும். முன்பக்கம் வைத்தால் தெரியும். பின்பக்கமும் தெரியும், பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. அடியில் பார்த்தால் பொன் நிறத்தில் வரிசையாகப் பல் மாதிரி ஒரு பகுதி. இது போர்டுக்குள் சொருகிக்கொள்ளும், ஒருத்தன் கண்ணும் படாது. எங்கள் தொழிலில் இதைவிட உத்தமமான இடம் அமையவே அமையாது. தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். மனசு கேட்கவில்லை, மறுபக்கமும் ஒன்று. ஊதி ஊதிக் காய வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மகள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கார்டைக் கழற்றி மாட்டினாள். வயரை மாற்றினாள். மெமரியைக் கழற்றித் துடைத்தாள். கறுப்பு அசையவில்லை. காசு மிச்சம் பிடிக்க வாங்கிய பிராசஸருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது என்பதால் கார்டு இல்லாமல் சோதிக்கவும் வழியில்லை.

"அப்பா, நான்தான் ஏதாவது தப்பா மாட்டிட்டேனோ?" என்று மெல்லக் கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு ஊரு தெரியாது. இது அந்தச் சேச்சி வேலை" என்றேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளை அழும் நிலையில் உட்கார்ந்திருக்க, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என் கணிப்பு பலித்துவிட்டதே!

சனிக்கிழமை காலையிலேயே இரண்டு பேரும் தோப்பும்படியில் இருந்தோம். ஹார்பரில் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் சேட்டன் ஒருவர், ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்து சேச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. நான் போட்ட சத்தம் எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும். 'மோசடி' என்றது எல்லோருக்கும் புரியட்டும் என்று மலையாளத்திலும் ஒரு தடவை, "தட்டிப்பு!" என்று கத்தினேன். ஐஸ் கம்பெனிச் சேட்டன் என்னைப் பார்த்தார், சேச்சியைப் பார்த்தார், "பின்னே வராம் சேச்சி" என்று நழுவிவிட்டார்.

சேச்சி பதறவில்லை. கார்டைக் கேட்டுக் கை நீட்டினார்.

"இது என்னோட கார்டே இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க. அதுக்கும் வழி பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"நான் எப்ப அப்படிச் சொன்னது? என்ன வழி?"

வழக்கில் கடைசிச் சாட்சியைக் கூண்டில் ஏற்றும் வக்கீலைப் போல கார்டைத் திருப்பிக் காட்டினேன். "பாருங்க. அடையாளம். பொட்டு வெச்சிருக்கேன்."

சேச்சி பூதக்கண்ணாடியை இறக்கினார். பார்த்தார். பிறகு அதே பூதக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அதில் நான் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தேனோ! எஞ்சின் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"அப்பா, அது என்ன?" என்றாள் மகள்.

"அரக்கு."

"கார்டோட பல்லுல அரக்கு பூசினியா?"

"அங்கதாம்மா யாருக்கும் தெரியாது."

சேச்சி ஒரு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தார். "அண்ணாச்சி, இந்தப் பல்லு வழியாத்தான் கார்டும் போர்டும் பேசறது. நீ அதோட வாயில அரக்கு ஊத்தி அடச்சுட்டு, பேசறதில்லன்னு என்கிட்ட சண்டைக்கு வந்திருக்கே."

ஸ்பிரிட் பட்டால் அரக்கு இளகும். அது அந்த ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பஞ்சு பழுப்பாக வந்தது. இரண்டு பக்கமும் துடைத்து, அவர் கம்ப்யூட்டரில் மாட்டினார். விளையாட்டு நேற்றைவிட ஜோராக ஓடியது.

"பாத்தீங்களா, நல்ல கார்டுதான்!" என்று சிரித்துப் பார்த்தேன். கூடச் சிரிக்க ஒருத்தரும் இல்லை. சேச்சி மேஜை இழுப்பறையைத் திறந்து நான் கொடுத்த பணத்தை அப்படியே என் கையில் வைத்தார். "இது இனி உனக்கு விக்கறதில்ல. நீ போ."

மகள் ஒன்றும் கெஞ்சவில்லை. "நாளைக்கு மேட்ச்" என்றாள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை, தரையிடம் சொன்னாள்.

சேச்சி அவள் பக்கம் திரும்பினார். "மோளே, உனக்குத் தரலாம். ஆனா உன் அப்பன் வாய் என்டெ ஒரு பார்ட்டியை ஓட்டி விட்டது. அந்த ஐஸ் கம்பெனிக்காரன் இப்ப ஹார்பர் முழுக்கச் சொல்லுவான். என்கிட்ட மாப்பு ஒண்ணும் வேண்டாம். அப்பன் போய் அவன்கிட்ட நடந்ததைச் சொல்லி, இங்க கூட்டிட்டு வரட்டும். கார்டு கொண்டுபோ."

ஐஸ் கம்பெனிக்குப் போனோம். வாசலெல்லாம் தண்ணீர். உள்ளே இரண்டு பேர் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சேட்டன் கண்ணாடி அறைக்குள் இருந்து எழுந்து வந்தார். நான் கும்பிட்டு, சேச்சி நல்லவர், கார்டு நல்ல கார்டு, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு தந்தாங்க?"

"யாரு?"

"சேச்சி. இங்க வந்து இப்படிச் சொல்றதுக்கு."

"சத்தியமா இல்ல சேட்டா! கார்டுல நான்தான் அரக்கு பூசினேன்."

"கம்ப்யூட்டருக்கு யாராவது அரக்கு பூசுவாங்களா? வேற நல்ல கதையா யோசிச்சுட்டு வா அண்ணாச்சி."

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஒரு கண் கொஞ்சம் சுருங்கி, உதட்டோரம் ஒரு சிரிப்பு. நேற்றுச் சேச்சியை நான் பார்த்த அதே பார்வை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலப்படமில்லாத உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆளில்லை! ஏன் பூசினேன் என்று சொன்னால்தான் நம்புவார். அதைச் சொன்னால் இக்கா கடையின் ரகசியம் வெளியே வரும், என் வேலை போகும். திரும்பிப் பார்த்தேன். மகள் வாசலில் ஐஸ் தண்ணீரில் செருப்பு நனைய நின்றிருந்தாள். ஆலுவாவிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்காமல் கையில் பிடித்திருந்தாள்.

சொல்லிவிட்டேன். சாயாத் தண்ணீர், கரி, சங்கிலி அடி, ஆஸ்திரேலியா வாரிசு, பொட்டு, நகப்பாலிஷ் பாட்டில், எல்லாம் ஒரே மூச்சில். குரலைத் தாழ்த்தி, "வெளிய யாருக்கும் தெரியக் கூடாது சேட்டா" என்று கையையும் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை உருவிக்கொண்டார். பிறகு ஐஸ் உடைக்கிறவர்களைப் பார்த்துக் கத்தினார். "எடா, கேட்டோ? ஜூ டவுன்ல விக்கற பழசெல்லாம் புதுசாம்! அண்ணாச்சி ரகசியம் சொல்றாரு!"

ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது மட்டாஞ்சேரியில பூனைக்குக்கூடத் தெரியுமே அண்ணாச்சி!" என்றார். இத்தனை வருஷம் நான் நெஞ்சுக்குள் பூட்டி வைத்த ரகசியத்தை ஊரே கொடியில் காயப்போட்டிருக்கிறது. என்னிடம் சொல்லத்தான் ஆளில்லை.

சேட்டன் என் கையை இழுத்து விரல்களைப் பார்த்தார். நக இடுக்கெல்லாம் அரக்குக் கறை. தேய்த்தாலும் போகாது. "இது சரி. இது யாரும் காசு கொடுத்து வர வெச்சது இல்ல" என்று சொல்லி வண்டிச் சாவியை எடுத்தார். முழுசாக நம்பி வந்தாரா என்று இன்றும் தெரியாது. அரக்கு பூசிய கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் வந்தார் என்று நினைக்கிறேன். எதற்காக வந்தால் என்ன, வந்தார். சேச்சியிடம் கம்ப்யூட்டருக்குச் சொல்லியும் வைத்தார்.

சேச்சி கார்டைப் பொதிந்து மகள் கையில் கொடுத்தார். நான் பணத்தை நீட்டினேன், வாங்கி மேஜையில் போட்டார். "மோளே, வீடு சேர்ற வரைக்கும் இதை அப்பன் கையில கொடுக்காதே. பையிலயும் என்ன இருக்குன்னு நோக்கிக்கோ." மகள் அங்கேயே கை நீட்டினாள். நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஆடினாள். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். அவள் இடம் அவளுக்கே என்று கேப்டன் சொல்லிவிட்டாள். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் டீமில் ஒருத்தி சுவருக்குப் பின்னால் நின்றவளை எப்படிச் சரியாகச் சுட்டாள் என்று எனக்கு ஒரே குடைச்சல். "ஏட்டி, அவ கள்ளாட்டம் ஆடுறா" என்றேன். "அப்பா, ஒண்ணு சும்மா இரு" என்றாள், திரும்பாமலே.

சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை, என் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் யாரையாவது பார்த்து என் கண் சுருங்க ஆரம்பிக்கும்போதெல்லாம், ஐஸ் கம்பெனி வாசலில் உண்மையைச் சொல்லிவிட்டு நம்ப ஆளில்லாமல் நின்ற ஒருத்தன் ஞாபகத்துக்கு வருகிறான். எதிரே நிற்பவரும் அவனைப் போல ஒருவராக இருக்கலாமே என்று, வாயைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறேன்.